மயிலாப்பூருக்கு வேவு பார்க்கப் போன கதை

பாப்பா,

எனக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது. உன் அப்பாவுக்கு வலிப்பு வருகிறது. நீ எதற்காக இத்தனை வருஷம் கண்ணைக் கெடுத்துக்கொண்டு படித்தாயோ அதே வியாதி. வரும் வியாழக்கிழமை காலையில் எனக்கு எம்.ஆர்.ஐ. ஸ்கேன். மறுநாள் வெள்ளிக்கிழமை, கையில் இருக்கிற மூன்று வேலையில் எதற்கு வருகிறாய் என்று நீ பதில் சொல்ல வேண்டிய நாள். இரண்டும் இப்படி ஒட்டிக்கொண்டு வந்து நிற்கின்றன. போனில் சொன்னால் நீ உடனே டாக்டராகிவிடுவாய். எப்போது ஆரம்பித்தது, எவ்வளவு நேரம், எந்தக் கை என்று கேட்பாய். பதில் தெரியாமல் நான் கத்துவேன். நமக்குள் எப்போதும் நடக்கிறதுதானே. அதனால்தான் கடையில் பாத்திரங்களுக்கு நடுவே உட்கார்ந்து, வாங்க வருகிறவர்களைக் கடைப்பையன் செல்வத்திடம் தள்ளிவிட்டு, இதை எழுதுகிறேன். நாளைக்குக் கூரியரில் போட்டால் செவ்வாய்க்கிழமை பெங்களூரில் உன் ஹாஸ்டலுக்கு வந்துவிடும் என்றான் கூரியர்காரன்.

உன் மூன்று வேலையையும் நான் கடைக்காரன் கண்ணோடுதான் பார்த்தேன். கனடாவில் இரண்டு வருஷம் ஆராய்ச்சி, அப்படியே அங்கே தங்கிவிடலாம். பெருங்குடியில் புதிதாக வந்திருக்கிற பெரிய ஆஸ்பத்திரியில் வலிப்புக்கென்றே ஒரு மாடி. நோயாளியைப் படுக்கவைத்து, தலையில் ஒயரும் எதிரே கேமராவுமாக, வலிப்பு வரும்வரை ராப்பகலாகப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்; மூளையில் எந்த இடம் என்று கண்டுபிடித்து ஆபரேஷனுக்கு அனுப்புவார்கள் என்றாய். மூன்றாவது, மயிலாப்பூரில் ஒரு ட்ரஸ்ட் ஆஸ்பத்திரி. ஒரு ரூம், ஒரு பழைய மெஷின், சொந்தக்காரர்களிடம் வெளியே சொல்ல முடியாத சம்பளம். இது போக, சின்ன ஊர் ஆஸ்பத்திரிகளில் மூளைக்கு எடுக்கிற இ.இ.ஜி.யை வீட்டிலிருந்தே படித்துச் சொல்லலாம், மருந்துக் கம்பெனிக்குப் போகலாம், பச்சைக் குழந்தைகள் வார்டில் வேலை இருக்கிறது, காலேஜில் சொல்லிக்கொடுக்கலாம் என்று நீ அடுக்கிக்கொண்டே போனாய். வலிப்பு மட்டுமே பார்க்கிற டாக்டருக்கு இத்தனை வாசலா என்று நான் வாயைப் பிளந்துவிட்டேன்.

ஏனென்றால் உன்னைத் தோல் டாக்டராக்க நான் பட்ட பாடு உனக்கே தெரியும். ஞாயிற்றுக்கிழமை லீவு, ராத்திரி யாரும் கதவைத் தட்ட மாட்டார்கள், முகப்பருவுக்கு ஆள் குறையவே குறையாது என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். நீ கேட்கவில்லை. தூத்துக்குடியிலிருந்து ஒரு வரன் வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? பையனின் அப்பா போனில், "பொண்ணு எதுக்கு டாக்டர் அண்ணாச்சி?" என்று கேட்டார். "வலிப்புக்கு" என்றேன். "அது வேண்டாமே அண்ணாச்சி, வீட்டுக்குள்ள எந்நேரமும் அந்தப் பேச்சால்லா இருக்கும்" என்று சொல்லி வைத்துவிட்டார், ஏதோ நீ அதைப் பையில் போட்டுக்கொண்டு அவர் வீட்டுக்கு வரப்போகிற மாதிரி. அன்றைக்கு நீ சிரித்தாய். நான் சிரிக்கவில்லை. அந்த ஆள் பயந்த மாதிரியேதான் நானும் உள்ளுக்குள் பயந்தேன் என்று இப்போது தெரிகிறது.

போன வாரம் நமக்குள் நடந்த சண்டைக்கு வருகிறேன். மயிலாப்பூருக்குப் போகப் போகிறேன் என்றாய். "அங்க இருக்கற டாக்டர் போறாங்கப்பா. அவங்க போயிட்டா அந்த ஓ.பி.ய பாக்க ஆள் இல்ல" என்றாய். "உலகத்துல நீ ஒருத்திதான் டாக்டரா?" என்று கத்திவிட்டு நான்தான் போனை வைத்தேன். வைத்தவன் சும்மா இருக்கவில்லை. தி. நகரில் கடை வைத்திருக்கிறவன் எவனும் இன்னொரு கடையைப் பற்றி வாயால் விசாரிக்க மாட்டான். வாங்க வந்தவன் மாதிரி உள்ளே போவான். நீ பிறப்பதற்கு முன்னாலேயே உன் அம்மாவும் நானும் இல்லாத பெண்ணுக்குக் கல்யாணம் பேசி, சீர்ப் பாத்திரம் விலை கேட்டு, எத்தனை கடை ஏறி இறங்கியிருக்கிறோம் தெரியுமா? மயிலாப்பூர் ஆஸ்பத்திரிக்கும் அப்படி நோயாளியாகப் போவோம், அங்கே இருக்கிற ஓட்டை உடைசலையெல்லாம் பார்த்து வந்து உன்னிடம் புட்டுப் புட்டு வைப்போம் என்று முடிவு செய்தேன்.

நோயாளி என்றால் கூட ஓர் ஆள் வேண்டும். உன் அம்மாவிடம் உண்மையைச் சொன்னால் அவள் உன் கட்சி. அதனால், "எனக்கு ஒரு நரம்பு டாக்டரப் பாக்கணும், மயிலாப்பூர் வரைக்கும் வா" என்று மட்டும் சொன்னேன். அவள் ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு, சாமி படத்துக்கு முன்னால் நின்று கும்பிட்டு, என் நெற்றியிலும் திருநீறு பூசிவிட்டாள். ஒரு நரம்பு டாக்டரைப் பார்க்க இவ்வளவு எதற்கு என்று நான் மனசுக்குள் சிரித்துக்கொண்டேன். ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனோம். அவளை ஹாலில் உட்காரவைத்துவிட்டு, நான் தனியாகக் கவுண்டருக்குப் போய், உன் மாமா பேரைக் கொடுத்துச் சீட்டுப் போட்டேன். குமரேசன். என் பேரைக் கொடுத்தால் நாளைக்கு நீ அங்கே போகும்போது யாராவது முடிச்சுப் போட்டுவிடுவார்கள் என்று என் புத்தி போனது.

ஹாலில் பெஞ்சு போதாமல் ஜனங்கள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். ஃபேன் ஒன்று ஓடவில்லை. எல்லாவற்றையும் உனக்குச் சொல்வதற்காக மனசில் குறித்துக்கொண்டேன். பக்கத்தில் இருந்த பெண் தன் புருஷனுக்கு ஃபிட்ஸ் என்றாள். அவர் அவள் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். "ஆட்டோ ஓட்டறாருண்ணா. அத மட்டும் டாக்டராண்ட சொல்லல. சொன்னா ஓட்டக் கூடாதுன்னுடுவாங்க. அப்பால இன்னாத்த துன்றது?" என்றாள். "அது தப்பும்மா, நாலு பேர் உயிரு" என்று நான் பெரிய மனுஷனாக அவளுக்குப் புத்தி சொன்னேன். அவள், "உங்களுக்கு இன்னாண்ணா?" என்று கேட்டாள். "எனக்கு ஒண்ணும் இல்ல, சும்மாதான்" என்றேன்.

அதற்குப் பிறகு எனக்குத் தெரிந்தது, ஒரு நர்ஸ் என் முகத்துக்கு நேராகக் குனிந்து நிற்கிறாள். "இன்னா சார், எத்தினி தபா கூப்புடறது? குமரேசன் நீங்கதானே?" என்கிறாள். உன் அம்மா என் கையைப் பிடித்து உலுக்குகிறாள். அவள் கண்ணில் தண்ணீர். ஆட்டோக்காரர் மனைவி எழுந்து நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். கள்ளப் பேர் என்பதால் காதில் ஏறவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு எழுந்தேன். பாப்பா, அப்போது எனக்கு அந்தப் பேர் மறந்துபோயிருந்ததா, இல்லை அந்த நேரத்தில் நானே அங்கே இல்லையா? எனக்கு இன்னும் தெரியவில்லை. என்னைப் போட்டு வதைப்பது இதுதான்.

உள்ளே டாக்டரம்மாவிடம் என் நாடகத்தை ஆரம்பித்தேன். நீ லீவில் வரும்போது சத்தம் போட்டுப் படிப்பாயே, காதில் விழுந்ததையெல்லாம் வைத்து ஒரு கதை கட்டியிருந்தேன். சில சமயம் பேசிக்கொண்டே இருக்கும்போது ஒரு மாதிரி வெறிச்சென்று ஆகிவிடுகிறது டாக்டர், என்ன நடந்தது என்று தெரிவதில்லை என்றேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. உன் அம்மா பக்கம் திரும்பி, "நீங்க என்னம்மா பாத்தீங்க?" என்றார். கட்டிய கதைக்கு இவள் என்ன சொல்லப் போகிறாள் என்று நான் சாய்ந்து உட்கார்ந்தேன். அவள் சேலை முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டு சொன்னாள்: "இவுக சொல்லுதது நெசந்தான் டாக்டர். பொங்கலுக்கு முந்தியே ஆரம்பிச்சிட்டு. பேசிக்கிட்டே இருப்பாவ, பாதியில நின்னுரும். கூப்பிட்டா திரும்ப மாட்டாவ. வாயி மட்டும் எதையோ மெல்லுத மாதிரி அசையும். சட்டப் பொத்தானப் புடிச்சுத் திருகிட்டே இருப்பாவ. அப்புறம் ஒண்ணுமே நடக்காத மாதிரி, சாம்பார் ஊத்துன்னுவாவ. டாக்டரப் பாப்போம்னு நானும் மன்றாடிப் பாத்துட்டேன். இன்னைக்குத்தான் இவுகளே வாறேன்னு சொன்னாவ."

நான் அவளையே பார்த்தேன். என்னோடு சேர்ந்து நாடகம் போடுகிறாளா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். பாத்திரக் கடைகளில் அவள் போட்ட நாடகத்தையெல்லாம் பார்த்தவன் நான். நடிக்கும்போது அவளுக்கு உதடு நடுங்காது. அன்றைக்கு நடுங்கியது. சாமி கும்பிட்டுவிட்டு அவள் எதற்காகக் கிளம்பினாள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன்.

அப்புறம் ஒவ்வொன்றாக வந்து விழுந்தது. டாக்டரைப் பார்ப்போம் என்று அவள் சொன்னபோதெல்லாம், ஏதோ கடைக் கவலையில் மறந்திருப்பேன் என்று நான் தட்டிக்கழித்திருக்கிறேன். நம் கடையில் பாத்திரத்துக்குப் பேர் வெட்டுவது இன்றும் நான்தான், என் கையெழுத்துக்காகவே வருகிறவர்கள் உண்டு. ஒரு கல்யாண ஆர்டரில் தூக்குச்சட்டியில் மாப்பிள்ளை பேர் பாதியில் நின்று, மீதி கோழி கிண்டின மாதிரி கிறுக்கலாக இருந்தது. மெஷின் ஊசி தேய்ந்துவிட்டது என்று மாற்றினேன். திரும்பவும் ஒரு குடத்தில் அதே கிறுக்கல். செல்வம் மேஜையை ஆட்டிவிட்டான் என்று அவனை ஏசினேன். "அண்ணாச்சி, இனிமே பேர நான் வெட்டுதேன், நீங்க கல்லாவுல இருங்க" என்று அவன் கெஞ்சியது எதற்கென்று இப்போது புரிகிறது. அவன் பார்த்திருக்கிறான். பார்த்து உன் அம்மாவிடம் சொல்லியிருக்கிறான். எனக்கு நடந்தது எனக்கு மட்டும்தான் தெரியவில்லை. சின்ன வயதிலிருந்து கடையில் எது எங்கே இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுகிறவன் நான். என் கை என்ன செய்தது என்று இப்போது வேறொருவர் சொல்லித்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

அந்த டாக்டரம்மாவிடம் நீ ஒன்று கற்றுக்கொள். வண்டி ஓட்டுவீர்களா என்று அவர் கேட்கவில்லை. எழுதிக்கொண்டே, "எதுல வந்தீங்க?" என்றார். "ஸ்கூட்டர்ல" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. சுத்தமாக மாட்டிக்கொண்டேன். நிமிர்ந்து பார்த்து, "பின்னால இவங்கள வச்சுக்கிட்டா?" என்று கேட்டார். அதற்கு மேல் அவர் திட்டவே தேவையில்லை. அன்றைக்கே இ.இ.ஜி. எடுத்தார்கள். இடது பக்கம், காதுக்கு மேலே இருக்கிற பாகத்தில் கோளாறு இருக்கிறது என்றார். எல்லா வலிப்பும் கீழே விழுந்து கை கால் இழுக்காது, இதுவும் வலிப்புதான், மாத்திரையில் கட்டுப்படும் என்றார். அது வரைக்கும் சரி. "ஆனா இந்த வயசுல புதுசா வந்தா, எதனால வந்துச்சுன்னு பாக்கணும்" என்று சொல்லி ஸ்கேனுக்கு எழுதினார். எதுவாக இருக்கும் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. உன் அம்மாவும் கேட்கவில்லை.

சீட்டைக் கொடுக்கும்போது, "வீட்ல டாக்டர் யாராவது இருக்காங்களா?" என்றார். "இல்ல" என்றேன். உன் அம்மா தரையைப் பார்த்தாள். டாக்டரம்மா சொன்னார்: "நான் இந்த மாசக் கடைசியோட போறேன். இதுலயே படிச்ச ஒரு பொண்ணு வரும்னு சொல்றாங்க. வந்தா உங்க ஃபைல அவங்ககிட்ட ஒப்படைச்சிடுவேன், கவலப்படாதீங்க." யோசித்துப் பார், பாப்பா. நீ வேலையில் சேர்ந்து, குமரேசன் என்ற ஒரு நோயாளியின் ஃபைலைப் பிரித்து வைத்துக்கொண்டு, அடுத்த ஆளை வரச்சொல்லு என்கிறாய். கதவைத் திறந்துகொண்டு நான் வருகிறேன். அந்த நிமிஷம் உன் முகம் எப்படி ஆகும் என்று நினைத்து நினைத்து அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

ஸ்கூட்டரை ஆஸ்பத்திரி வாசலிலேயே விட்டுவிட்டு ஆட்டோ பிடித்தோம். உன் அம்மா ஏறுவதற்கு முன்னால் டிரைவரின் முகத்தை உற்று உற்றுப் பார்த்தாள். ஹாலில் அந்தப் பெண் சொன்னது அவள் காதிலும் விழுந்திருக்கிறது. நந்தனம் சிக்னல் தாண்டும்வரை என் சட்டையைப் பிடித்துக்கொண்டே வந்தாள். அந்தப் பெண்ணுக்கு நான் சொன்ன புத்திமதி ஞாபகம் வந்து கூசியது. பொங்கலிலிருந்து என் பின்னால் எத்தனை தடவை உன் அம்மாவை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு அடையாறு பாலம் தாண்டியிருப்பேன் என்று எண்ணத் தொடங்கி, பாதியில் நிறுத்திவிட்டேன்.

இப்போது வீட்டில் எனக்கு எல்லாமே பயம். குளிக்கப் போனால் தாழ்ப்பாள் போடக்கூடாது. உன் அம்மா வெளியே நின்று பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருப்பாள், நான் ஊம் கொட்ட வேண்டும். கடையில் மேல் தட்டுக்கு ஏணி ஏறக்கூடாது. பேர் வெட்டுகிற மெஷின் பக்கம் போகக்கூடாது. மாத்திரையால் தூக்கம் தூக்கமாக வருகிறது. யாராவது என்னைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தால், இப்போது வந்துவிட்டுப் போனதோ என்று சட்டைப் பொத்தானைத் தடவிப் பார்க்கிறேன். ஸ்கேனில் கட்டி கிட்டி என்று வந்துவிட்டால் என்ன செய்வது என்று நினைப்பு வரும்போது எழுந்து போய் ஏதாவது ஒரு குடத்தைத் துடைக்கிறேன். கடையில் எல்லாக் குடமும் இப்போது பளபளவென்று இருக்கிறது.

இதை நீ வெள்ளிக்கிழமை பதில் சொல்லி முடித்த பிறகு சொல்லலாம் என்றுதான் இருந்தேன். அதுதான் உனக்கு நல்லது என்று அடித்துப் பேசினேன். உன் அம்மா, "அவ மூளையப் படிச்சவ. நாளைக்குத் தெரியாமலா போகும்? அன்னைக்கு உங்க மூஞ்சில முழிப்பாளா?" என்று கேட்டாள். நேற்றுத் திரும்ப மயிலாப்பூருக்குப் போய், டாக்டரம்மாவிடம் என் நிஜப் பேரைச் சொன்னேன். வரப்போகிற பெண் என் மகள் என்றும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "அவங்களுக்குத் தெரியுமா?" "தெரியாது." "நான் சொல்ல முடியாது, நீங்கதான் சொல்லணும். அவங்க இங்க வந்தாலும் உங்கள அவங்க பாக்க வேண்டாம், வேற டாக்டர்கிட்ட அனுப்பிக்கலாம். அது பெரிய விஷயம் இல்ல. ஆனா அவங்க எங்க வேலைக்குப் போகணும்ங்கறத உங்க வியாதி முடிவு பண்ணிடக் கூடாது" என்றார். "அது எப்படி டாக்டர் பண்ணாம இருக்கும்?" என்று கேட்டேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஃபைலில் பேரைத் திருத்தினார்.

வேவு பார்க்கப் போனவன் பார்த்ததையும் சொல்லிவிடுகிறேன். ஃபேன் ஓடவில்லை, மெஷின் பழசு, சம்பளம் அதேதான். ஆனால் கூட வந்தவளை உட்காரவைத்து என்ன பார்த்தாய் என்று கேட்கிற டாக்டர் அங்கே இருந்தார். அவர் போய்விட்டால் பார்க்க ஆள் இல்லை என்று நீ போனில் சொன்னதன் அர்த்தம், அந்த ஹாலில் தரையில் உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்த பிறகு இப்போது புரிகிறது. அதே சமயம், பெருங்குடியில் அந்தக் கேமராவும் ஆபரேஷனும் இருக்கிறதே, நாளைக்கு எனக்கே அது வேண்டியிருக்குமோ என்றும் நினைக்கிறேன். கனடாவில் நீ எதையாவது கண்டுபிடித்து என்னைப் போன்றவனுக்கு நல்லது நடக்கலாம் என்றும் நினைக்கிறேன். போன வாரம்வரை உன் வேலையைப் பற்றி எனக்கு ஒரே பதில்தான் இருந்தது, அதையும் கத்திச் சொன்னேன். இப்போது எந்த வேலையை நினைத்தாலும் அதில் நான் நோயாளியாக வந்து உட்கார்ந்துகொள்கிறேன். இந்த நிலைமையில் இருக்கிறவன் யோசனை சொல்லக்கூடாது. அதனால் சொல்லவில்லை.

கனடாவுக்குப் போய்விடு என்று எழுதிப் பார்த்தேன், பேனா நகரவில்லை. இங்கேயே இரு என்று எழுதினேன், அடித்துவிட்டேன். மேலே தெரிகிற மசிக் கறை அதுதான். வெள்ளிக்கிழமை நீ யாருக்கு என்ன பதில் வேண்டுமானாலும் சொல்லிக்கொள், அது உன் வேலை, உன் படிப்பு. ஸ்கேன் எடுக்கிற அறைக்குள் யாரையும் விட மாட்டார்களாம், சத்தமாக இருக்குமாம், அசையாமல் தனியாகப் படுத்திருக்க வேண்டுமாம். உன் அம்மா வெளியே ஒற்றையாக உட்கார்ந்து அழுவாள். புதன்கிழமை ராத்திரி ரயிலைப் பிடித்து வந்துவிடு. வந்து படத்தைப் பார், பார்க்காமல் போ, அது எனக்கு முக்கியமில்லை. நான் வெளியே வரும்போது நீ அங்கே நிற்க வேண்டும். என் பேரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள், நான் எழுந்திருக்கவில்லை என்றால், நீ வந்து என் கையைப் பிடி. எனக்குப் பயமாக இருக்கிறது பாப்பா.

அப்பா